பாதிப் பணத்தில் முடியுமா?

போன வாரம் பிரியா போன் செய்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நிதிப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிறவள்.

"மேடம், எல்லா விண்ணப்பமும் ஒரே மாதிரி இருக்குது மேடம். பேரை மறைச்சுட்டா எது யாருதுன்னே தெரியல. எல்லாரும் கம்ப்யூட்டரைக் கேட்டு எழுதிக்கினு வந்துடறாங்க. படிச்சுப் படிச்சு எனக்குத் தலைவலியே வந்துடுச்சு."

"நீ படிக்கிறியா? பரவாயில்லையே! எங்க காலத்துல எழுதுனவரே படிக்க மாட்டாரு" என்றேன்.

சிரித்தாள். "அப்ப நீங்கள்லாம் இன்னாதான் பண்ணீங்க? அத்த எழுதிக் குடுங்களேன்" என்றாள். ஓய்வு பெற்றவளுக்கு வேலை வைக்கிறாள் பாருங்கள். ஆனாலும் கேட்டுவிட்டாள். கேட்டால் கொடுக்கிற வழக்கம் எனக்கு உண்டு. அந்த வழக்கம் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையே.

என் பெயர் தனக்கோடி. சொந்த ஊர் செஞ்சி. தட்டச்சுப் பரீட்சை தேறி, பல்கலைக்கழகத்தில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து, பிரிவு பிரிவாகப் பந்தாடப்பட்டு, கடைசியில் நிதிப் பிரிவில் வந்து விழுந்தேன். "பேர்லயே கோடி வெச்சிருக்கிறவங்கள வேற எங்க போடறது?" என்று இயக்குநர் கேட்டாராம். அதுதான் என் தகுதி. அங்கேயே கண்காணிப்பாளராகி ஓய்வும் பெற்றேன். இத்தனை வருடமும் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஏறி, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய ஆள் நான்.

எங்கள் வேலை கல்யாணத் தரகர் வேலை மாதிரி. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற அமைப்புகள் நாட்டில் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றும் எப்போது அறிவிக்கும், என்ன கேட்கும், வயது வரம்பு என்ன என்று தேடிப் பிடிக்க வேண்டும். நம் பேராசிரியர்களில் யாருக்குப் பொருந்தும் என்று பார்த்து அவரை மடக்கிப் பிடித்து எழுத வைக்க வேண்டும். எழுதியதைச் சரிபார்த்து, துறைத்தலைவர், பதிவாளர் என்று ஒவ்வொரு கையெழுத்தாக வாங்கி, கடைசித் தேதிக்குள் அனுப்ப வேண்டும். பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடந்தே தரகரின் செருப்பு தேயும் இல்லையா, எனக்குப் பதிவாளர் அறைக்கு நடந்து தேய்ந்தது.

இணையம் வராத நாளில் தேடுவது என்றால் நிஜமாகவே தேடுவதுதான். ஒருநாள் காலை பஸ் ஸ்டாண்டில் போண்டா வாங்கினேன். சுற்றிக் கொடுத்த ஆங்கிலப் பேப்பரில் 'ஆராய்ச்சித் திட்டங்கள் வரவேற்கப்படுகின்றன' என்று பாதி விளம்பரம் தெரிந்தது. உமி எரித்து ஆற்றல் எடுப்பது பற்றி. எங்கள் இயற்பியல் துறையில் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும் ஒருவர் இருந்தார். ஆனால் யார் கொடுக்கிறார்கள், கடைசித் தேதி என்ன என்பதெல்லாம் இல்லாத மறுபாதியில் இருந்தது.

"அண்ணே, இந்தப் பேப்பரோட மிச்சம் எங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அது பஜ்ஜிக்குப் போயிடுச்சேம்மா" என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கை காட்டினார்.

நேராக அவரிடம் போய் நின்றேன். "சார், நீங்க தின்னுட்டு அந்தப் பேப்பரக் குடுக்கறீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பசிக்குதாம்மா? வேணும்னா ஒரு பஜ்ஜி எடுத்துக்க" என்றார். நல்ல மனுஷன். பஜ்ஜி வேண்டாம், பேப்பர்தான் வேண்டும் என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் என் பஸ் போயே போய்விட்டது. தாமதமாகப் போய் எண்ணெய் வழியும் இரண்டு துண்டுகளையும் இயக்குநர் மேஜையில் ஒட்டி வைத்தேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, "போண்டா எங்க?" என்று கேட்டார். அந்த நிதி கிடைத்தது. அது முடிகிறவரை எங்கள் பிரிவில் அதற்குப் 'போண்டா ப்ராஜெக்ட்' என்றுதான் பெயர்.

அந்த இயக்குநர்தான் பேராசிரியர் இரத்தினவேல். வேதியியல்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. விண்ணப்பம் கொண்டு வருகிறவர் யாரானாலும் முதல் பக்கத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் கையில் ஒரு பென்சிலோடு கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பென்சிலால் மேஜையில் 'டொக்' என்று ஒரு தட்டு தட்டினால் வாசிப்பவர் நிறுத்திவிட்டு, அந்த வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னால் பாதிப் பேருக்கு வேர்த்துவிடும். சொல்ல முடியாவிட்டால் திட்ட மாட்டார். "நாளைக்கு வாங்க" என்பார், அவ்வளவுதான். அந்த 'நாளைக்கு வாங்க'வுக்குப் பயந்து வாசலிலேயே திரும்பிப் போனவர்கள் உண்டு.

ஒரு மூத்த பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் உங்களுக்கு சீனியர். ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

"இருக்குதுங்க சார். அதான் உங்கள நாளைக்குக் காலையில முதல் ஆளா வரச் சொல்றேன்."

பட்ஜெட் பக்கம் வந்தால் பென்சில் இன்னும் கூர்மையாகும். ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்?' என்பார். கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி கேட்டு எழுதிய ஒருவரிடம், "ஏன், கம்ப்யூட்டருக்கு வேர்க்குதுங்களா?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பீரோவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன்.

பணம் கேட்பதில் நம் ஆட்களிடம் இரண்டு ரகம். ஒரு ரகம், எப்படியும் குறைப்பார்கள் என்று ஏற்றிக் கேட்பது. அது பஜார் பழக்கம். இன்னொரு ரகம், கூச்சத்தில் குறைத்துக் கேட்பது. ஏற்றிக் கேட்டவர்களை இயக்குநர் பென்சிலால் இறக்கிவிடுவார். குறைத்துக் கேட்கிறவர்களிடம்தான் அவருக்கே திண்டாட்டம். அதோடு நேர்காணலில் குழுத் தலைவர் கடைசியாக ஒன்று கேட்பார்: "இதைப் பாதிப் பணத்தில் முடிக்க முடியுமா?" எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லி வைத்தார்கள்: "சரிங்க சார்." அந்தப் பாதியில் மெஷின் வந்து இறங்கும். அதற்கு ஊற்ற ரசாயனம் வாங்கக் காசு இருக்காது. துணி போட்டு மூடி, ஆயுத பூஜைக்கு மட்டும் பொட்டு வைக்கிற மெஷின்கள் எங்களிடம் வரிசையாக இருந்தன.

இப்போது செல்வி.

செல்வி நுண்ணுயிரியல் துறையில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர். தொண்டூர்ப் பக்கம். காடு கழனி இல்லாத வீடு. நைனா கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்த பெண். டவுன் பஸ்ஸில் செஞ்சி வந்து, நான் ஏறுகிற பஸ்ஸில் ஏறுவாள். இளம் விஞ்ஞானிகளுக்கான நிதிக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் திரும்பி வந்திருந்தது. அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

"இந்த வருசம் ப்ராஜெக்ட் வந்தா காண்ட்ராக்டப் புதுப்பிப்பாங்களாம் மேடம். இல்லேன்னா கிளம்ப வேண்டியதுதான்னு சொல்லிட்டாங்க" என்று ஒருநாள் கம்பியைப் பிடித்து நின்றபடி சொன்னாள். "விழுப்புரத்துல ஒரு கோச்சிங் சென்டர்ல கூப்புடறாங்க. போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுக்கணும்."

"போறியா?"

"போயிட்டா அப்புறம் ஆராய்ச்சிக்குத் திரும்ப முடியாது மேடம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றே இயக்குநரிடம் அழைத்துப் போனேன்.

நின்றுகொண்டு வாசித்தாள். குரலே எழும்பவில்லை. நிலக்கடலையில் அறுவடைக்குப் பிந்தைய நச்சுப் பூஞ்சை மாசுபாடு என்று ஏதோ நீளமாக வந்தது. டொக்.

"மூட்டையில மல்லாட்டைக்குப் பூஞ்சை புடிக்குது சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நிலக்கடலைக்கு சார்."

"மல்லாட்டைன்னே சொல்லும்மா. நானும் தின்னவன்தான். எந்த ஊர் மூட்டை?"

"செஞ்சி கமிட்டிக்கு வர்ற மூட்டை சார்." விளைபொருள் ஏலம் போகிற அரசு விற்பனைக்கூடத்தை எங்கள் ஊரில் கமிட்டி என்போம்.

"பூஞ்சை புடிச்சத வியாபாரி எடுக்க மாட்டானே. அப்ப அது எங்க போவுது?"

செல்வி கையிலிருந்த தாளை மடித்தாள். இயக்குநர் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார்.

"நல்லா காஞ்சது கமிட்டிக்குப் போயிடும் சார். களத்து ஓரத்துல ஈரம் காயாத குவியல் ஒண்ணு இருக்கும். அது கூலிக்குப் போயிடும். காய் பறிக்கிறவங்களுக்குக் கூலியில ஒரு பங்கு மல்லாட்டையாதான் அளப்பாங்க."

"கூலிக்குன்னா யார் வூட்டுக்கு?"

"எங்க வூட்டுக்கு சார்."

கண்ணைத் திறந்தார். அதற்கப்புறம் அவளைத் தூண்ட வேண்டியிருக்கவில்லை. அந்த மல்லாட்டையை வீட்டு மூலையில் சாக்கில் கட்டி வைத்து மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் வறுத்துத் தின்பதையும், கசந்தால்கூடத் துப்பாமல் விழுங்குவதையும், அந்தப் பூஞ்சையின் விஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரலில் போய் வேலை காட்டுவதையும் சொன்னாள். சந்தை மூட்டையைச் சோதிக்க ஆள் இருக்கிறது, வீட்டுச் சாக்கை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை என்றாள்.

"இதாம்மா ஆராய்ச்சி!" என்றார் இயக்குநர். "இது ஏன் விண்ணப்பத்துல இல்ல?"

"வீடு வீடா மாசா மாசம் போயி எடுக்கணும் சார். டெஸ்ட்டும் அதுக்கேத்தாப்ல ஏறும். பட்ஜெட் ரெண்டு மடங்காயிடும். அவ்ளோ எப்படி சார் கேக்கறது?"

இயக்குநர் பென்சிலைக் கீழே வைத்தார். எனக்குத் தெரிந்து யாராவது வாசிக்கும்போது அவர் பென்சிலைக் கீழே வைத்தது அன்றுதான்.

"கேளும்மா" என்றார்.

உட்கார்ந்து எழுதினோம். ஈரப்பதம் பார்க்கிற கருவி, சோதனைப் பொருள்கள், களப்பணிக்கு ஒரு ஆள், பஸ் போகாத ஊருக்கு ஆட்டோ. ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்?' என்பதற்கு அவளிடம் பதில் இருந்தது. மொத்தத்தைப் பார்த்தபோதுதான் முகம் வெளுத்தது. "மேடம், இத்த ஏதாவது கொஞ்சம் கொறச்சுக்கலாமா?" என்று என் காதில் வந்து கேட்பாள். "கையை எடு கீபோர்ட்லருந்து" என்பேன்.

முதல் சுற்றில் தேர்வாகி நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. உடனே எங்கள் பிரிவில் ஒத்திகை தொடங்கியது. டில்லிக் குழுத் தலைவர் நான்தான். ஏதோ விழாவில் இயக்குநருக்குப் போட்ட பொன்னாடை ஒன்று பீரோவில் கிடந்தது. அதைப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்பேன்: "வெரி குட் ப்ராஜெக்ட். பாதிப் பணத்தில் முடியுமா?"

"சரிங்க சார்" என்பாள் செல்வி.

"செல்வி!"

"அய்யோ, வந்துடுச்சு மேடம். இன்னொரு வாட்டி கேளுங்க."

இன்னொரு வாட்டி கேட்டால் "முயற்சி பண்றேன் சார்" என்பாள். அதற்கடுத்த வாட்டி "நீங்க பாத்து செய்ங்க சார்" என்றாளே பார்க்கணும், இயக்குநரே தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவர்கள் கேட்டால் வாயில் 'சரி'தான் வருகிறது, அவள் நைனாவுக்கும் அதேதான் வரும் என்றாள். பொன்னாடையை மடித்து வைத்தபோது எனக்கு நம்பிக்கை சுத்தமாகப் போய்விட்டிருந்தது.

நேர்காணல் எங்கள் கூட்ட அறையில், வீடியோவில். கேமராவுக்கு எதிரே செல்வி. கேமராவில் விழாத மூலையில் நானும் இயக்குநரும். குழுத் தலைவர் வெள்ளை முடியோடு அத்தனை இதமாகப் பேசினார். எனக்கு அதுவே பயமாக இருந்தது. கடுகடுவென்று இருந்தாலாவது எதிர்த்துச் சொல்ல வரும். எல்லாக் கேள்விக்கும் செல்வி நன்றாகவே சொன்னாள். கடைசியில் வந்தது. ஆனால் நாங்கள் ஒத்திகை பார்த்த மாதிரி வரவில்லை.

"சந்தை மூட்டைப் பகுதி பிரமாதம்" என்றார் அவர். "கூலி வீடுகள் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். அப்போது பாதிப் பணம் போதும். இன்றைக்கே பரிந்துரைத்துவிடுகிறோம்."

இன்றைக்கே! ஒத்திகையில் அத்தனை அதட்டியவள், அந்த நிமிஷம் மனசுக்குள் 'சரின்னு சொல்லித் தொலைடி' என்று வேண்டிக்கொண்டேன். பாதி வந்தாலும் வேலை தங்கும். முழுசும் கேட்டு இல்லை என்றுவிட்டால் கோச்சிங் சென்டர்தான்.

"நோ சார்" என்றாள் செல்வி.

கரண்ட் போய்விட்டது.

நான் கதை கட்டவில்லை. அவள் வாயை மூடவும் விளக்கும் ஃபேனும் அணையவும் சரியாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு பேட்டரி இருந்தது. இணையம் தருகிற பெட்டியை யாரோ சாதாரண ப்ளக்கில் சொருகி வைத்திருந்தார்கள். திரையில் குழுத் தலைவர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். ஜெனரேட்டர் போட ஆள் ஓடினான்.

"செல்வி, லைன் வந்த உடனே சரின்னு சொல்லிடு" என்றேன்.

"மேடம், நீங்கதான நோ சொல்லச் சொன்னீங்க?"

"அது ஒத்திகைடி! இது உன் வேல!"

செல்வி இயக்குநரைப் பார்த்தாள். அவர் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் காத்திருப்பாரே, அப்படியே காத்திருந்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

லைன் வந்தது. குழுத் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். "நோ சொல்லிவிட்டுக் கோபத்தில் எழுந்து போய்விட்டீர்களோ என்று பயந்தே போனோம்" என்றார்.

"கரண்ட் போயிடுச்சு சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் தொடர்ந்தாள். "ஆனால் நான் சொன்னது நோதான் சார். சந்தையில் பூஞ்சைக் கடலையைத் திருப்பிவிட வியாபாரி இருக்கிறார். அது திரும்பிப் போகிற இடம் கூலி வீடு. அதை விட்டுவிட்டால் விஷம் எங்கே போகிறது என்று பார்க்காமலே ஆராய்ச்சியை முடித்த மாதிரி. அந்த வீடுகளில் ஒன்று என்னுடையது. சந்தையை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள். வீடுகளை எடுக்க மாட்டேன்."

ஒரு வார்த்தையிலும் அவள் தடுமாறவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். இயக்குநர் தன் பென்சிலை எடுத்துச் செல்வியிடம் நீட்டினார். "வெச்சுக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

பதில் வரும்வரை பஸ்ஸில் நாங்கள் இருவரும் சினிமா, புடவை, சாம்பார் என்று எல்லாவற்றையும் பேசினோம், அதை மட்டும் பேசவில்லை. நான் ஓய்வு பெறுகிற மாதத்தில் வந்தது. முழுப் பணமும். சந்தையையும் வெட்டவில்லை, வீடுகளையும் வெட்டவில்லை. செய்தியைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பதிவாளர் அறையிலிருந்தே ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்கும் என் செலவில் போண்டா.

நைனாவிடம் சொன்னபோது அவர் என்ன சொன்னார் என்று மறுநாள் செல்வியிடம் கேட்டேன்.

"'நீ கேட்டத அப்டியேவா குடுத்துட்டாங்க?'ன்னு கேட்டாரு மேடம். ஆமான்னேன். 'கேட்டதயா?'ன்னு திரும்பவும் கேட்டாரு. சாப்டற வரைக்கும் அதயேதான் கேட்டுக்கினு இருந்தாரு."

சித்திரை அறுவடையின்போது முதல் மாதிரி எடுக்கப் போனாள். வீட்டில் சும்மா இருக்கிற எனக்கு இருப்புக் கொள்ளுமா? நானும் பஸ் ஏறினேன். நாங்கள் போனபோது அவள் ஊர்க் களத்தில் காய் பறித்து முடித்துக் கூலி அளந்துகொண்டிருந்தார்கள். நடுவில் காய்ந்த குவியல், ஓரத்தில் ஈரக் குவியல். நிலத்துக்காரர் ஏழுமலை வழக்கம்போல ஓரத்துக் குவியலில் மரக்காலை விட்டார். செல்வியின் நைனா முன்னால் வந்து சாக்கை விரித்தார். நான் அவரை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். ஒல்லியான மனிதர்.

சாக்கு வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"இதுல வாணாங்க. அந்த நடுக் குவியல்லருந்து அளங்க."

செல்வி கையில் கருவியோடு அப்படியே நின்றாள். ஏழுமலை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாய்யா இது புதுசா? இத்தினி வருசமா ஒரு வார்த்த கேட்டதில்லயே நீ?"

"இப்பக் கேக்கறன்."

ஏழுமலை நைனாவைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், சம்பந்தமே இல்லாமல் நின்ற என்னையும் பார்த்தார். அப்புறம் சலித்துக்கொண்டே மரக்காலை நடுக் குவியலில் விட்டார். "அட, கேட்டா குடுக்காமயா போயிடுவன்?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் சாக்கை நடுக் குவியல் பக்கம் நகர்த்தினார்கள்.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, நைனாவின் சாக்கில் மாதிரி எடுக்கக் கையை விட்டாள். அவர் பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"கேட்டு எடு" என்றார்.

செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஒரு கை குடு நைனா" என்று பையை விரித்துப் பிடித்தாள்.

அவர் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.